ஓப்பன்செப்பலின் விசார்டும் அதன் ஆவணங்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பிளாக்செயினில் கைமாறும் டிஜிட்டல் சொத்தான ஒரு டோக்கனுக்கு, அங்கே தானாக ஓடும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்டை உருவாக்க இன்று ஐந்து நிமிடம் போதும். ஓப்பன்செப்பலின் நிறுவனத்தின் கான்ட்ராக்ட்ஸ் விசார்ட் பக்கத்தைத் திறந்து, டோக்கனுக்கு ஒரு பெயரும் சுருக்கக் குறியீடும் கொடுத்து, இடது பக்கம் இருக்கும் பெட்டிகளில் வேண்டியதை டிக் அடித்தால், வலது பக்கம் சொலிடிட்டி மொழியில் நிரல் அதற்கேற்ப மாறிக்கொண்டே வரும். திருப்தியானதும் நகலெடுக்கலாம், உலாவியிலேயே நிரல் எழுதும் தளமான ரீமிக்ஸில் நேரடியாகத் திறக்கலாம், இல்லை ஒரு திட்டக் கோப்புறையாகத் தரவிறக்கலாம். 2021இல் வந்த கருவி. சொலிடிட்டி கற்கும் மாணவர் முதல், வாடிக்கையாளருக்கு டோக்கன் செய்து கொடுக்கும் ஃப்ரீலான்சர் வரை பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்தக் கோப்பு விசார்டை விட்டு வெளியே போன பிறகு அதன் விளக்கமும் கூடப் போகிறதா? இந்த ஆய்வில் நான் பார்க்க விரும்பியது அதைத்தான். கோப்பு முதலில் ஒருவரின் கணினிக்குப் போகிறது, அங்கிருந்து பிளாக்செயினுக்கு. அங்கே ஏறிவிட்டால் சாதாரண மென்பொருளைப் போல மறுநாள் திருத்தி ஏற்ற முடியாது. ஆவணங்களோ வலைத்தளத்திலேயே தங்கிவிடுகின்றன.

நான் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதிப் பிழைப்பவன். ஒரு வாடிக்கையாளர் தங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படும் ஒரு கான்ட்ராக்ட் வார்ப்புருக் கருவிக்கு ஆவணம் எழுதச் சொன்னார். அதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த கருவியின் ஆவணங்களை முதலில் வரிவரியாக மதிப்பிட்டுவிட்டு அப்புறம் எழுத உட்காரலாம் என்று முடிவு செய்தேன். விசார்ட் பயன்படுத்தும் ஓப்பன்செப்பலின் லைப்ரரியின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) 5ஆம் பதிப்பு வரிசையையும், விசார்டின் சொலிடிட்டி பகுதியையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

விளக்கம் இருக்கும் நான்கு இடங்கள்

ஓப்பன்செப்பலினின் அடித்தளம் ஒரு லைப்ரரி. டோக்கனை அனுப்புவது, இருப்பைக் கணக்கிடுவது, அனுமதி சரிபார்ப்பது எல்லாம் அந்த லைப்ரரிக்குள் இருக்கின்றன. விசார்ட் எழுதித் தருவது அவற்றை இறக்குமதி செய்து ஒன்றாகக் கோக்கும் மெல்லிய மேலோடு மட்டுமே. பெரும்பாலும் ஐம்பது வரியைத் தாண்டாது.

இந்தக் கருவிக்கான விளக்கம் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒன்று, ஆவணத் தளத்தில் உள்ள வழிகாட்டிகள். இரண்டு, லைப்ரரியின் மூல நிரலுக்குள் சொலிடிட்டியின் ஆவண வடிவமான நாட்ஸ்பெக் முறையில் எழுதப்பட்ட கமென்ட்கள் (நிரலாக ஓடாத விளக்க வரிகள்). தளத்தில் செயல்பாடுகளைப் பட்டியலிடும் ஏபிஐ பக்கங்கள் இவற்றிலிருந்துதான் உருவாகின்றன. மூன்று, விசார்டில் ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் இருக்கும் கேள்விக்குறியைத் தொட்டால் வரும் உதவிக்குறிப்பு. நான்கு, விசார்ட் தரும் கோப்புக்குள்ளேயே இருக்கும் கமென்ட் வரிகள்.

ஆவணம் எழுதுபவர்கள் பலரும் கையாளும் டயாடாக்ஸிஸ் முறை, ஆவணங்களைப் பயிற்சி, செய்முறை, பார்வைக் குறிப்பு, விளக்கம் என்று நான்காகப் பிரிக்கும். முதல் இரண்டு இடங்களை அந்த முறையில் தாராளமாக மதிப்பிடலாம். ஓப்பன்செப்பலின் அதில் நல்ல மதிப்பெண் வாங்கும். ஆனால் வார்ப்புருக் கருவியைப் பயன்படுத்துபவர் முடிவெடுப்பது மூன்றாவது இடத்தில். அவர் கையில் எஞ்சுவது நான்காவது. எனவே சரியா, முழுமையா, தெளிவா என்ற வழக்கமான அளவுகோல்களோடு நான் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன்: ஒரு தகவலுக்கும் அது தேவைப்படும் கணத்துக்கும் இடையே எவ்வளவு தூரம்?

ஒவ்வொரு பெட்டியையும் டிக் அடிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்டேன். இதனால் யாருக்கு என்ன அதிகாரம் போகிறது? இதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா? இந்த நிரல் எந்தப் பதிப்புக்குப் பொருந்தும்? மூன்றுக்கும் அதே இடத்தில் விடை கிடைத்தால் தூரம் பூஜ்யம். இன்னொரு பக்கம் போனால்தான் கிடைக்கும் என்றால் அதைக் குறித்துக்கொண்டேன்.

உதவிக்குறிப்புகள்

நன்றாக இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்டபிள் பெட்டியின் குறிப்பு, சிறப்பு அதிகாரம் உள்ள கணக்குகள் மேலும் டோக்கன்களை உருவாக்க முடியும் என்கிறது. ஒரே வாக்கியம்தான், ஆனால் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது அதில் வந்துவிடுகிறது. அணுகல் கட்டுப்பாட்டின் மூன்று வகைகளுக்கான குறிப்புகள் இன்னும் நல்லவை. எல்லாச் சிறப்பு வேலைகளுக்கும் ஒரே கணக்கு என்றால் ஓனபிள், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பொறுப்பு என்றால் ரோல்ஸ், விதிகளை ஒரு மையக் கான்ட்ராக்ட் தீர்மானிக்க வேண்டும் என்றால் மேனேஜ்டு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது எது நமக்குத் தேவை என்று தெரிந்துவிடுகிறது. பாதுகாப்புத் தொடர்பு முகவரிக்கான குறிப்பு, மூல நிரல் சரிபார்க்கப்பட்டிருந்தால் மட்டுமே அது வெளியே தெரியும் என்று நிபந்தனையையும் சேர்த்துச் சொல்கிறது. இப்படி எழுத வேண்டும் என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

டோக்கனைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க உதவும் பாஸபிளில் கொஞ்சம் தடுமாற்றம். அவசர நேரத்துக்கு உதவும் என்கிறது குறிப்பு. உண்மைதான். ஆனால் ஈஆர்சி-20 என்ற பொதுத் தரத்தில் அமைந்த டோக்கனில் இதைச் சேர்த்தால், நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் அனுப்புவது மட்டுமில்லை, புதிதாக உருவாக்குவதும் அழிப்பதும்கூட நின்றுவிடும். டோக்கன் வைத்திருப்பவரின் பார்வையில், தன் சொத்தை இன்னொருவர் உறைய வைக்க முடியும் என்பது இந்தப் பெட்டியின் பொருள். குறிப்பு, கான்ட்ராக்டைப் பிளாக்செயினில் ஏற்றுபவருக்காக (டிப்ளாய் செய்பவருக்காக) எழுதப்பட்டிருக்கிறது, வைத்திருப்பவர் அதில் இல்லை.

பெர்மிட் இதைவிடக் கனமான விஷயம். பரிவர்த்தனைக்கான கேஸ் கட்டணம் கட்டாமலேயே, டோக்கன் வைத்திருப்பவர் தன் கணக்கிலிருந்து எடுக்க மற்றவருக்கு அனுமதி தரலாம் என்பது குறிப்பின் சாரம். வசதியை மிகச் சரியாகச் சொல்கிறது. அந்த அனுமதி வெறும் ஒரு கையொப்பம் என்பதும், அந்தக் கையொப்பத்தை ஏமாற்றி வாங்கினால் பணத்தை எடுத்துவிடலாம் என்பதும் அதில் இல்லை. பெர்மிட் கையொப்பத்தை வைத்து நடக்கும் மோசடி இந்த உலகில் எல்லோரும் கேள்விப்பட்ட ஒன்று. டோக்கன்களைக் கையாளும் செயலியான வாலட்டில் கட்டணம் எதுவும் காட்டாததால் மக்கள் அதைப் பரிவர்த்தனையாக நினைப்பதில்லை. வசதிக்கும் ஆபத்துக்கும் ஒரே காரணம்தான் என்பதால் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியும்.

இதோடு இன்னொன்று சேர்கிறது. டோக்கனுக்கு வாக்குரிமை தரும் வோட்ஸ் பெட்டியை டிக் அடித்தால் பெர்மிட் பெட்டியும் தானாகச் சேர்ந்து டிக் ஆகிவிடும். கருவியின் பார்வையில் அது சரியான நடத்தை. ஆனால் வாக்குரிமை வேண்டும் என்று வந்தவர் கையொப்ப அனுமதியையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறார். இரண்டு பெட்டிகளுக்கும் தனித்தனியாகக் குறிப்பு இருக்கிறது. ஒன்று மற்றொன்றை ஏன் இழுத்துக்கொண்டு வந்தது என்பது அந்தக் கணத்தில் தெரிவதில்லை.

வோட்ஸில்தான் தூரம் மிக அதிகம் என்று எனக்குத் தோன்றியது. கடந்த கால இருப்புகளைக் கணக்கில் வைத்திருக்கும், வாக்கு வலிமையை நம்பிக்கையான கணக்குக்கு ஒப்படைக்கலாம் என்கிறது குறிப்பு. இதைப் படிப்பவர், ஒப்படைப்பது விருப்பம் என்றுதான் புரிந்துகொள்வார். நடைமுறை அப்படி இல்லை. ஒப்படைக்காத டோக்கனுக்கு வாக்கு வலிமையே கிடையாது. தானே வாக்களிக்க விரும்புபவரும் தன் வலிமையைத் தனக்கே ஒருமுறை ஒப்படைத்தாக வேண்டும். லைப்ரரியின் நாட்ஸ்பெக் கமென்ட் இதைத் தெளிவாகச் சொல்கிறது, காரணத்தையும் சொல்கிறது: இப்படி வைத்தால் சாதாரணப் பரிமாற்றத்தின் செலவு குறையும். ஆக, தகவல் இருக்கிறது, தரமாகவே எழுதப்பட்டிருக்கிறது. முடிவெடுக்கும் இடத்திலிருந்து இரண்டு தாவல் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

இதன் விளைவு சின்னதில்லை. வாக்கெடுப்பு நடத்தும் கான்ட்ராக்டைத் தரும் விசார்டின் கவர்னர் பகுதியில், தீர்மானம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வாக்கான கோரம் இயல்பாக 4 சதவீதம். அது மொத்த டோக்கன் வழங்கலில் 4 சதவீதம், ஒப்படைக்கப்பட்டவற்றில் இல்லை. 10 லட்சம் டோக்கன் இருந்தால் 40,000 வாக்கு வேண்டும். ஒப்படைக்கப்பட்ட டோக்கன்கள் அந்த அளவை எட்டவில்லை என்றால், எல்லோரும் ஆதரவாக இருந்தும் தீர்மானம் நிறைவேறாது. டிப்ளாய் செய்தவர் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார். நிரலில் பிழை இருக்காது.

இரண்டு வரிகள்

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தவை, விசார்ட் தரும் கோப்புக்குள் இருக்கும் இரண்டு வரிகள்.

ஏற்றிய பிறகும் நிரலை மாற்ற வழிவிடும் அப்கிரேடபிள் பகுதியில் யூயூபிஎஸ் வகையை (மாற்றும் வழி கான்ட்ராக்டுக்குள்ளேயே இருக்கும் முறையை) தேர்ந்தெடுத்தால், கோப்பில் ஒரு சின்ன கன்ஸ்ட்ரக்டர், அதாவது கான்ட்ராக்ட் உருவாகும்போது ஒருமுறை மட்டும் ஓடும் பகுதி, வரும். உள்ளே ஒரே ஓர் அழைப்பு. இனி யாரும் இந்தக் கான்ட்ராக்டைத் தொடக்கநிலைப்படுத்த (உரிமையாளர் போன்ற தொடக்க மதிப்புகளை அமைக்க) முடியாதபடி அது பூட்டிவிடும். அதற்கு மேலே ஒரு கமென்ட். அந்தக் கமென்டில் 'பாதுகாப்பற்றது' என்ற பொருள்படும் ஒரு சொல்லும் 'அனுமதி' என்ற சொல்லும் இருக்கின்றன. அது மனிதர்களுக்கு எழுதப்பட்டதில்லை. ஓப்பன்செப்பலினின் அப்கிரேட்ஸ் பிளகின், பொதுவாகக் கன்ஸ்ட்ரக்டரைக் கண்டால் ஆட்சேபிக்கும். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடு என்று அதற்குச் சொல்லும் வரி அது.

முதன்முறை படிப்பவருக்கு இது எப்படித் தெரியும்? 'பாதுகாப்பற்றது' என்று தலைப்பிட்ட, என்ன செய்கிறதென்று புரியாத மூன்று வரி. நீக்கிவிட்டு இயங்கும் வடிவுக்கு மாற்றினால் (கம்பைல் செய்தால்) எந்தப் பிழையும் வராது. சோதனைகளும் ஓடும். ஆகவே நீக்கத் தோன்றும். உண்மையில் அந்தக் கோப்பிலேயே மிகவும் பாதுகாக்க வேண்டிய வரி அதுதான்.

ஏன் என்று பார்க்க 2017க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி, பலரின் கையொப்பத்தோடு திறக்கும் பாரிட்டி மல்டிசிக் வாலட்கள் பொதுவாகப் பயன்படுத்திய ஒரு லைப்ரரி கான்ட்ராக்டை ஒருவர் அழித்துவிட்டார். அந்தக் கான்ட்ராக்ட் தொடக்கநிலைப்படுத்தப்படாமல் திறந்து கிடந்தது. அவர் அதைத் தொடக்கநிலைப்படுத்தித் தன்னை உரிமையாளராக்கிக்கொண்டார், பிறகு அழிக்கும் செயல்பாட்டை அழைத்தார். அதை நம்பியிருந்த 587 வாலட்களில் இருந்த சுமார் 5,13,774 ஈதர் (எத்தீரியம் பிளாக்செயினின் நாணயம்) நிரந்தரமாக உறைந்துபோனது. யாரும் திருடிக்கொண்டு போகவில்லை, ஆனாலும் யாருக்கும் கிடைக்காது.

நான்கு ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில், ஓப்பன்செப்பலின் லைப்ரரியின் யூயூபிஎஸ் பகுதியிலேயே இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குறை வெளியானது. பதிப்பு 4.1 முதல் 4.3.1 வரை பாதிப்பு. அழைப்புகளை வாங்கி அனுப்பும் முகப்புக் கான்ட்ராக்டான ப்ராக்ஸிக்குப் பின்னால் உண்மையான வேலையைச் செய்யும் கான்ட்ராக்ட் தொடக்கநிலைப்படுத்தப்படாமல் இருந்தால், அதைக் கைப்பற்றி அழிக்க வழி இருந்தது. அது அழிந்தால், ப்ராக்ஸியை அப்கிரேட் செய்யும் வழியும் யூயூபிஎஸ்ஸில் அதனோடு போய்விடும். நிறுவனம் உடனே 4.3.2 வெளியிட்டு, பின்னால் இருக்கும் கான்ட்ராக்டை நேரடியாக அழைத்து அப்கிரேட் செய்வதைத் தடுத்தது. அந்தத் திருத்தத்தின் விவரங்கள் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டன. அதை நான் பெரிதும் மதிக்கிறேன். பிறகு 2024 மார்ச்சில் வந்த எத்தீரியத்தின் டென்குன் மேம்படுத்தல், கான்ட்ராக்ட் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கட்டளையின் வலிமையைப் பெரும்பாலும் குறைத்துவிட்டது. இருந்தாலும் திறந்து கிடக்கும் கான்ட்ராக்டைப் பூட்டி வைப்பதுதான் இன்றும் முறை.

இந்த வரலாறு முழுக்க அந்த மூன்று வரிக்குள் அடங்கியிருக்கிறது. ஆவணத் தளத்தில் அப்கிரேடபிள் கான்ட்ராக்ட் எழுதுவது பற்றிய பக்கத்தில், தொடக்கநிலைப்படுத்தாமல் விடாதீர்கள், தாக்குபவர் கைப்பற்றலாம் என்று தெளிவான எச்சரிக்கை உண்டு. கோப்பில் அதில் ஒரு சொல்கூட இல்லை.

இரண்டாவது வரி, அதே கோப்பில், அப்கிரேடுக்கு அனுமதி தரும் செயல்பாடு. அதன் உடல் காலி. திறக்கும் அடைப்புக்குறி, மூடும் அடைப்புக்குறி, நடுவில் ஒன்றும் இல்லை. வேலை முழுவதையும் செய்வது அதன் தலைப்பில் ஒட்டியிருக்கும் ஒற்றைச் சொல், 'உரிமையாளர் மட்டும்' என்ற நிபந்தனை. அந்தச் சொல் போனால், உலகில் யார் வேண்டுமானாலும் கான்ட்ராக்டின் நிரலை மாற்றிவிடலாம். காலியாக இருப்பதால் பயனற்றது போலத் தெரிகிறது. கம்பைலரும் எதுவும் சொல்லாது.

இத்தனைக்கும் விசார்ட் கமென்டே எழுதாத கருவி இல்லை. அதே கோப்பின் கீழ்ப் பகுதியில், பின்வருபவை சொலிடிட்டி கட்டாயமாகக் கேட்கும் மேலெழுதல்கள் (மூலச் செயல்பாட்டுக்குப் பதிலாக எழுதுபவை) என்று ஒரு கமென்ட் வரும். இந்தச் செயல்பாடுகள் ஏன் இங்கே இருக்கின்றன என்று யோசிப்பவருக்கு அது ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறது. அந்தச் செயல்பாடுகளை நீக்கினால் கம்பைலரே நிறுத்திவிடும். கம்பைலர் காவல் நிற்கும் இடத்தில் கமென்ட் இருக்கிறது. யாரும் காவல் நிற்காத இரண்டு இடத்தில் இல்லை. என் மதிப்பீட்டில் இதுதான் முதன்மையான கண்டுபிடிப்பு.

பதிப்பு

2023 அக்டோபரில் வந்த லைப்ரரியின் 5.0 பதிப்பு, பழைய நிரல்களைப் பல இடங்களில் உடைத்தது. ஓனபிள் இப்போது தொடக்க உரிமையாளரின் முகவரியைக் கேட்கிறது. கவுன்டர்ஸ், சேஃப்மேத், ஸ்னாப்ஷாட் ஆகிய பழைய துணைப் பாகங்கள் எல்லாம் நீக்கப்பட்டன. பாஸபிள் பழைய செக்யூரிட்டி கோப்புறையிலிருந்து யூட்டில்ஸுக்குப் போனது. குறைந்தபட்சக் கம்பைலர் பதிப்பு 0.8.20 ஆனது. காரணங்கள் நியாயமானவை. 0.8 வரிசைக் கம்பைலரே எண் தன் வரம்பைத் தாண்டும் வழிதலைச் சோதிப்பதால் சேஃப்மேத்துக்கு வேலை இல்லை.

இணையத்தில் இருக்கும் பயிற்சிகளில் கணிசமானவை 4ஆம் பதிப்புக் காலத்தவை. நானே ஒரு பழைய பயிற்சியின் நிரலையும் விசார்டின் புதிய நிரலையும் சேர்த்து ஒட்டிவிட்டு ஒரு மாலை முழுக்கத் தவித்திருக்கிறேன். கவுன்டர்ஸ் கோப்பைக் காணோம், கன்ஸ்ட்ரக்டருக்கு மதிப்பு தரவில்லை என்று பிழைகள் வரிசையாக வரும். சத்தமாக வரும் பிழைகள் பரவாயில்லை, தேடினால் விடை கிடைத்துவிடும்.

சத்தம் போடாத ஒன்று இருக்கிறது. 4ஆம் பதிப்பில், பரிமாற்றத்துக்கு முன்னால் ஓடும் ஒரு கொக்கிச் செயல்பாட்டை மேலெழுதி அதில்தான், டோக்கன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்ற பாஸ் சோதனையை வைத்தார்கள். 5இல் அந்தக் கொக்கியே இல்லை. எல்லாம் ஒரே அப்டேட் செயல்பாட்டுக்குள் வந்துவிட்டது. பழைய கொக்கியை 5ஆம் பதிப்போடு கம்பைல் செய்தால், மேலெழுத ஒன்றும் இல்லையே என்று கம்பைலர் சொல்லும். அவசரத்தில் இருப்பவர் மேலெழுதும் சொல்லையும், மூலச் செயல்பாட்டை அழைக்கும் வரியையும் நீக்கிவிடுவார். இப்போது கம்பைல் ஆகிவிடும். கோப்பில் பாஸ் சோதனை கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்தச் செயல்பாட்டை இனி யாரும் அழைப்பதில்லை. அவசர நாளில் உரிமையாளர் நிறுத்து என்று அழுத்துவார், டோக்கன்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் விசார்ட் ஒரு நல்ல காரியம் செய்கிறது. கோப்பின் தலையில், இது ஓப்பன்செப்பலின் கான்ட்ராக்ட்ஸின் எந்தப் பதிப்போடு பொருந்தும் என்று ஒரு கமென்ட் எழுதித் தருகிறது. மூன்றாவது கேள்விக்கு, கோப்போடு சேர்ந்து பயணம் செய்யும் பதில் இது. தூரம் பூஜ்யம். லைப்ரரியின் அறிமுகக் கோப்பான ரீட்மியும், அப்கிரேடபிள் கான்ட்ராக்டை 4.9.3இலிருந்து 5.0.0க்கு மாற்றுவது பாதுகாப்பில்லை, சேமிப்பக அமைப்பு பொருந்தாது என்று எண்களோடு சொல்கிறது. பொதுவாகப் 'பதிப்பு மாறும்போது கவனம்' என்று எழுதிவிட்டுப் போகாமல் குறிப்பிட்ட எண்ணைக் கொடுத்திருப்பது படிப்பவருக்குச் செய்யும் மரியாதை.

நகலெடுக்காதே, நகலெடு

அதே ரீட்மியில் இன்னொரு அறிவுரை உண்டு. நிறுவிய நிரலை அப்படியே பயன்படுத்துங்கள், இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள், நீங்களாக மாற்றவும் வேண்டாம் என்பது அது. மிகச் சரியான அறிவுரை. ஆனால் விசார்ட் பக்கத்தின் மேலே இருப்பது நகலெடுக்கும் பொத்தான்.

முரண்பாடு இல்லை என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். நகலெடுப்பது அந்த மெல்லிய மேலோட்டை மட்டும். இறக்குமதி செய்யப்படும் லைப்ரரியைத்தான் தொடக்கூடாது. புதியவருக்கு இந்த வேறுபாட்டை யாராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் இரண்டு தவறான முடிவுகளில் ஒன்றுக்குப் போவார். விசார்டின் நிரலில் கை வைக்கவே கூடாது என்று தன் தேவையை எழுதாமல் விடுவார், அல்லது எல்லாம் மாற்றத்தக்கதே என்று லைப்ரரிக் கோப்புகளையும் உள்ளே இழுத்துத் திருத்தத் தொடங்குவார். இரண்டாவதுதான் தணிக்கையாளர்களுக்குத் தலைவலி.

இதே ரீட்மி, இந்த லைப்ரரியைப் பயன்படுத்துவது பாதுகாப்புத் தணிக்கைக்கு மாற்றாகாது என்றும் சொல்கிறது.

பாகங்கள் சேரும்போது

2023 டிசம்பர் 4ஆம் தேதி, இன்னொரு பிரபல வார்ப்புருத் தளமான தர்ட்வெப், தன் ஆயத்தக் கான்ட்ராக்ட்கள் சிலவற்றில் ஒரு குறை இருப்பதை வெளியிட்டது. ஈஆர்சி-2771 என்ற தரமும் மல்டிகால் என்ற வசதியும் சேரும்போது வரும் குறை அது. முதலாவதில், நம்பகமான இடைத்தரகர் கான்ட்ராக்ட் உண்மையான அனுப்புநரின் முகவரியைத் தரவின் வாலில் ஒட்டி அனுப்பும். இரண்டாவது, பல அழைப்புகளை ஒரே பரிவர்த்தனையில் சேர்த்து ஓட்டும். உள்ளே போகும் ஒவ்வொரு அழைப்பின் வாலையும் அனுப்புபவரே எழுதிக்கொள்ள முடியும் என்பதால், யாருடைய முகவரியை வேண்டுமானாலும் ஒட்டி அவராக நடிக்கலாம். தனித்தனியாக இரண்டுமே சரியான பாகங்கள். ஓப்பன்செப்பலினும் தன் மல்டிகாலைத் திருத்தியது.

இதிலிருந்து ஆவணத்துக்கு நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: பாகத்துக்கு ஒரு பக்கம் என்று எழுதினால் போதாது, ஜோடிகளுக்கும் எழுத வேண்டும். எல்லா ஜோடிக்கும் எழுத முடியாது. அனுப்புநர் யார் என்பதைத் தொடும் பாகங்கள், நிரலை மாற்றும் பாகங்கள் ஆகிய இரண்டு வகைக்காவது எழுதலாம்.

7200

கவர்னர் கோப்பில் வாக்கெடுப்புக்கு முந்தைய காத்திருப்பு 7200 என்று வரும், பக்கத்திலேயே '1 நாள்' என்று ஒரு கமென்ட். வாக்கெடுப்புக் காலம் 50400, பக்கத்தில் '1 வாரம்'. எத்தீரியத்தில் ஒரு பிளாக்குக்கு (பரிவர்த்தனைத் தொகுப்புக்கு) 12 வினாடி, 7200 பிளாக் என்றால் 86,400 வினாடி, சரியாக ஒரு நாள். படிக்கும் மனிதனை நினைத்து எழுதிய அழகான கமென்ட்.

இதே கோப்பைப் பாலிகான் என்ற இன்னொரு பிளாக்செயினில் ஏற்றினால்? அங்கே ஒரு பிளாக் சுமார் 2 வினாடி. 7200 பிளாக் 4 மணி நேரத்தில் முடிந்துவிடும், ஒரு வார வாக்கெடுப்பு 28 மணி நேரம் ஆகிவிடும். கமென்ட் மட்டும் '1 நாள்', '1 வாரம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆய்வாளர் ஒருவர் நிரலைப் படித்தால் கமென்டை நம்பி அடுத்த வரிக்குப் போய்விட வாய்ப்புண்டு. விசார்டில் பிளாக் நேரத்தை மாற்றும் பெட்டி இருக்கிறது. டோக்கனின் வோட்ஸ் பகுதியில் பிளாக் எண்ணுக்குப் பதில் நேர முத்திரையைத் தேர்ந்தெடுக்கவும் வழி உண்டு. கருவி விடை தருகிறது. அந்த 7200 எந்தக் கணக்கில் வந்தது என்பதுதான் கோப்பில் இல்லை. 'பிளாக்குக்கு 12 வினாடி என்ற கணக்கில் 1 நாள்' என்று கமென்ட் இருந்தால் பாலிகான்காரர் அங்கேயே நின்றிருப்பார்.

வாடிக்கையாளரின் கருவிக்கு என்ன செய்தேன்

ஆவணத் தளத்தை எழுதுவதற்கு முன்பாகவே, கருவி தரும் கோப்புக்குள் வர வேண்டிய கமென்ட்களை எழுதிக் கொடுத்தேன். நிரலாளர்களுக்கு முதலில் இது பிடிக்கவில்லை, கோப்பு அழுக்காகிறது என்றார்கள். நீக்கினால் கம்பைலர் எதிர்ப்புத் தெரிவிக்காத, ஆனால் அதிகாரம் கைமாறும் வரிகளுக்கு மட்டும் கமென்ட் என்று வரையறுத்ததும் ஒப்புக்கொண்டார்கள். மொத்தம் ஆறு இடம்தான் வந்தது.

பூட்டும் கன்ஸ்ட்ரக்டருக்கு எழுதியது: 'நீக்க வேண்டாம். இது இல்லாவிட்டால் இந்தக் கான்ட்ராக்டை யார் வேண்டுமானாலும் தொடக்கநிலைப்படுத்தி உரிமையாளராகலாம். மேலே உள்ள வரி அப்கிரேட் பிளகினுக்கான குறிப்பு.' காலிச் செயல்பாட்டுக்கு: 'உடல் காலியாக இருப்பது சரி. காவல், தலைப்பில் உள்ள நிபந்தனையில் இருக்கிறது. அதை எடுத்தால் யாரும் நிரலை மாற்றலாம்.' வாக்கு டோக்கனுக்கு: 'டோக்கன் வைத்திருப்பவர் ஒருமுறையாவது ஒப்படைக்கும் வரை அவருடைய வாக்கு வலிமை பூஜ்யம். வாக்களிக்கும் செயலியில் அதற்கு ஒரு பொத்தான் வையுங்கள்.'

பெர்மிட்டுக்கான உதவிக்குறிப்பை மூன்று முறை மாற்றி எழுதினேன். முதல் வடிவம் பயமுறுத்தியது, படிப்பவர் காரணம் தெரியாமலேயே பெட்டியைத் தவிர்த்துவிடுவார். இரண்டாவது நீளமாகப் போய்விட்டது. இப்போது கருவியில் இருப்பது: 'கட்டணமில்லாத ஒரு கையொப்பத்தால் டோக்கனை எடுக்க அனுமதி தரலாம். அந்தக் கையொப்பத்தை ஏமாற்றி வாங்குபவரும் எடுக்கலாம். வோட்ஸ் தேர்ந்தெடுத்தால் இதுவும் சேர்ந்து வரும்.'